காரைச் செய்து தரச் சொன்னீர்கள். செய்து தர மாட்டேன்

கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் கவனத்துக்கு:

போன மாதம் உங்கள் கொள்முதல் பிரிவிலிருந்து என் பட்டறைக்கு ஒரு கடிதம் வந்தது. மாணவர்களே சின்னப் பந்தயக் கார் செய்து ஓட்டிக் காட்டும் மாணவர் ஃபார்முலா போட்டிக்கான கார் ஒன்றை முழுதாகச் செய்து, ஓடும் நிலையில் கல்லூரியில் ஒப்படைக்க என்ன விலை ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். சேசிஸ் என்கிற பைப் கூடு, சஸ்பென்ஷன், எஞ்சின் பொருத்துவது, பாடி, பெயின்ட் எல்லாம் அதில் அடக்கம். கடைசியில் ஒரு வரி: 'ஸ்டிக்கர் ஒட்டும் பணி மாணவர்களால் மேற்கொள்ளப்படும்.'

அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பம்ப் கம்பெனி ஆர்டர் குறைந்து, என்னிடம் இருக்கிற மூன்று லேத்தில் ஒன்று சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. இந்த வேலை கிடைத்தால் இரண்டு மாதம் கவலையில்லாமல் ஆட்களுக்குக் கூலி கொடுப்பேன். அப்படியிருந்தும் மாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் வந்தேன், அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் பார்க்க முடியாது என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் திரும்பும் வழியில் கொட்டகையைப் பார்த்தேன். ஆறு வருஷமாகப் பிள்ளைகள் கார் செய்த அந்தத் தகரக் கொட்டகையில் புதுப் பூட்டு தொங்குகிறது. போன வருஷத்து சேசிஸ் வெளியே மழையில், கால் உடைந்த பெஞ்சுகளோடு கிடக்கிறது. நான் மறுத்தால் நீங்கள் இன்னொரு பட்டறையைப் பிடிப்பீர்கள். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கோயம்புத்தூர் கணபதியில் 31 வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட்தான் சோறு போடுகிறது. கார் பந்தயத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் உங்கள் மாணவர்கள் மூன்று பேர் ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு டிராயிங். முன் சக்கரத்தின் பேரிங் உட்காரும் வீட்டைக் கடைந்து தர வேண்டும். அளவு 52 என்று போட்டிருந்தது.

"எந்த 52?" என்று கேட்டேன்.

விழித்தார்கள். பேரிங் கையால் தள்ளினால் போக வேண்டுமா, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால்தான் போக வேண்டுமா, அதற்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட்டவா குறைக்கவா என்பதை டிராயிங்கில் எழுதாவிட்டால் எனக்கு அது வெறும் எண் என்றேன். மறுநாள் சரியாக எழுதிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் அவர்கள். இந்தக் கூட்டல் குறைச்சலுக்குப் பெயர் டாலரன்ஸ், அதைப் பற்றிப் பரீட்சையில் நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருந்தார்களாம்.

உங்கள் வொர்க்‌ஷாப்பில் என்னுடையதைவிட நல்ல லேத்துகள் வரிசையாக நிற்கின்றன. ஒருமுறை பார்த்திருக்கிறேன். பச்சை பெயின்ட் பளபளக்கிறது. ஸ்டெப் டர்னிங், டேப்பர் டர்னிங், நர்லிங் என்று பிராக்டிகல் பரீட்சைக்கு மூன்று வேலை. அதோடு அவை தூங்கப் போய்விடுகின்றன. பிள்ளைகள் ஏன் மொபெட்டில் கணபதிவரை வந்தார்கள் என்று அப்போது புரிந்தது.

இரண்டாம் வருஷம் ரெஸ்ட்ரிக்டர் வேலை வந்தது. இந்தப் போட்டியில் 710 சிசி வரை எஞ்சின் போடலாம். உங்கள் பிள்ளைகள் போட்டது கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி எஞ்சின். எஞ்சின் எதுவானாலும், பெட்ரோல் என்றால் அது இழுக்கும் காற்று முழுக்க 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். எல்லார் குரல்வளையையும் ஒரே அளவில் பிடித்து வைக்கும் ஏற்பாடுதான் ரெஸ்ட்ரிக்டர். காற்று நுழையும் பக்கம் சீக்கிரம் குறுகலாம், வெளியேறும் பக்கம் மெதுவாகத்தான் விரிய வேண்டும், அவசரமாக விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும் என்று ஒரு பையன் எனக்கு விளக்கினான். டிராயிங்கில் விரிவுக் கோணம் 6 டிகிரி. ஒரு பக்கத்துக்கா, இரண்டு பக்கமும் சேர்த்தா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சேர்த்துத்தான் என்றான். லேத்தில் கோணம் வைக்கும் கம்பவுண்ட் ஸ்லைடை 3 டிகிரிக்கு வைத்துக் கடைந்தேன். 95 மில்லிமீட்டர் நீளத்தில் 40 ஆக விரிந்திருக்க வேண்டிய வாய் 30இல் நின்றது. அந்த 6 டிகிரி ஒரு பக்கத்துக்கானது. அவன் முகம் செத்துவிட்டது. நல்ல அலுமினிய ராடு, அவர்கள் காசு.

அதற்குப் பிறகு அவன் கொண்டுவந்த எந்த டிராயிங்கிலும் கோணத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அந்தத் துண்டு இன்னும் என் மேஜையில் பேனா வைக்கும் குவளையாக இருக்கிறது. நீங்கள் விலை கேட்டிருக்கும் காரில் இந்த ரெஸ்ட்ரிக்டரும் வரும். நான் முதல் தடவையே சரியாகக் கடைந்து தருவேன். அதில் அவனுக்கு என்ன கிடைக்கும்?

குறைந்த காசில் கார் செய்வது எப்படி என்று உங்களில் யாராவது கொட்டகைக்குள் வந்து பார்த்ததுண்டா? உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மாருதி 800இன் ஸ்டியரிங் ராக்கைப் பேரம் பேசி வாங்குவார்கள். பிரேக் காலிப்பர் பழைய பைக்கிலிருந்து வரும். டயர், வேறொரு கல்லூரி அணி ஒரு சீசன் ஓட்டித் தேய்த்தது. காசைக் கொட்டியே ஆக வேண்டிய இடம் பைப்தான். அதில் பேரம் கிடையாது. காரோட்டியின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ரோல் ஹூப் 25 மில்லிமீட்டர் பைப் என்றால் சுவர் கனம் 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் போதாது, ஹூப்பில் 4.5 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டு வைக்க வேண்டும், சோதிப்பவர் அதற்குள் அளந்து பார்ப்பார். அந்தத் துளையை ஆரவாரமில்லாமல் போட்டது, அதற்குமுன் டிரில்லிங் மெஷினைத் தொட்டே பார்க்காத ஒரு பெண். அன்று சாயங்காலம் அவள் வாங்கிவந்த தேங்காய் பன்னை எல்லாரும் சாப்பிட்டோம்.

பைப்பும் பைப்பும் சேரும் இடத்தில் நுனியை மீன் வாய் மாதிரி வெட்ட வேண்டும். அதற்கென்று மெஷின் உண்டு, இவர்களிடம் இல்லை. கம்ப்யூட்டரில் வரைந்து, காகிதத்தில் அச்செடுத்து, பைப்பைச் சுற்றி ஒட்டி, கோட்டின் மேலேயே கிரைண்டரை ஓட்டுவார்கள். இடைவெளி தெரிந்தால் ஆர்கான் வெல்டர் திருப்பி அனுப்பிவிடுவார். முதல் வருஷம் ஒரு பக்கமாகவே வெல்டிங்கை முடித்துக்கொண்டு போனதில் சேசிஸ் முறுக்கிக்கொண்டது. நாலு காலும் தரையில் உட்காரவில்லை. அடுத்த வருஷம் எல்லா இடத்திலும் டேக் என்கிற சின்னப் பொட்டு வெல்டு மட்டும் அடித்துவிட்டு, இடமும் வலமும் மாற்றி மாற்றி வெல்டு வைத்தார்கள். எந்த வகுப்பில் சொல்லித் தந்தீர்கள் என்று கேட்கவில்லை. வகுப்பில் சொல்லித் தர முடியாத விஷயம் அது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. காரின் மூக்கில் மோதலைத் தாங்கும் பெட்டி ஒன்று வேண்டும். 300 கிலோ எடை நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதினாலும், உள்ளே இருப்பவருக்கு அதிர்ச்சி ஓர் அளவுக்கு மேல் போகாதபடி அது நசுங்கிக் கொடுக்க வேண்டும். சோதித்துக் காட்ட லேப் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. ஒருத்தன் கணக்குப் போட்டான்: இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதே 7 மீட்டர் வேகத்தில்தான் இருக்கும். அவ்வளவுதான் வேண்டும்! என் பட்டறையில் கழித்துப் போட்டிருந்த பம்ப் காஸ்டிங்குகளை 300 கிலோவுக்கு எடை போட்டுக் கட்டி, பக்கத்து ஷெட்டின் செயின் பிளாக்கில் தூக்கி, எல்லாரையும் சுவருக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார்கள். தெரு நாய்கள் அன்று இரவு திரும்பவில்லை. பெட்டி கணக்குப் போட்டபடியே நசுங்கியது. அந்தப் பையன் நசுங்கிய பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

இப்போது விதிக்கு வருகிறேன். போட்டி விதிப் புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டியதே உங்கள் பிள்ளைகள்தான். காரை யோசித்து, வடிவமைத்து, பராமரிப்பது மாணவர்களாக இருக்க வேண்டும். தொழில்முறைப் பொறியாளர், பந்தயக்காரர், லேத் வேலைக்காரர் யாரும் அதில் நேரடியாகத் தலையிடக் கூடாது. ஆம், என் தொழிலைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். என்னைப் போன்றவன் இப்படிச் செய்தால் இந்த நன்மை, அப்படிச் செய்தால் இந்தக் கெடுதல் என்று சொல்லலாம். முடிவெடுக்கக் கூடாது, டிராயிங் போடக் கூடாது. பாகங்களையும் முடிந்தவரை மாணவர்களே செய்ய வேண்டும். நீங்கள் கேட்டிருக்கும் கொட்டேஷன் இந்த விதிக்கு நேர் எதிரானது. போட்டிக்குப் போன இடத்தில் இது தெரியவந்தால் தலை குனிய வேண்டியவர்கள் உங்கள் கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் அல்ல. இருபது வயதுப் பிள்ளைகள்.

அது தெரியவராமல் போனாலும் பிழைக்க முடியாது. போட்டியின் 1000 மதிப்பெண்ணில் வடிவமைப்புக்கு மட்டும் 150. நடுவர்கள் காரைச் சுற்றி நின்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்: இது ஏன் இப்படி? ஸ்பிரிங் ஏன் இங்கே, இந்தக் கம்பி ஏன் இந்தக் கோணத்தில், 10 அங்குல ரிம் ஏன், 13 ஏன் இல்லை? செலவுக் கணக்குக்கு இன்னொரு 100 மதிப்பெண். ஒரு போல்ட்டுக்குக்கூட விலை சொல்ல வேண்டும். நான் செய்த காருக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? 'கணபதி அண்ணன் அப்படி வைத்தார்' என்றா?

கணபதி அண்ணன் வைத்ததால் என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். கொட்டகையைப் பூட்ட நீங்கள் சொன்ன முதல் காரணம், போன ஜனவரியில் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கார் நடுவழியில் நின்றுபோனது. என்ட்யூரன்ஸ் என்கிற 22 கிலோமீட்டர் நீண்ட ஓட்டத்தில் பாதிகூட முடியவில்லை, பின்பக்க செயின் கழன்றுவிட்டது. உங்கள் குறிப்பில் 'மாணவர்களின் தரமற்ற வேலைப்பாடு' என்று எழுதியிருக்கிறீர்களாம். அந்த வரியை அடித்துவிடுங்கள். அந்த வேலைப்பாடு என்னுடையது.

செயின் இழுவையைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு அவர்கள் போட்ட டிராயிங்கில், வளையாமல் தாங்கக் குறுக்கே விலா எலும்பு மாதிரி ஒரு பட்டை இருந்தது. நீங்கள் அந்த வருஷப் பணத்தை அனுமதித்தது நவம்பர் கடைசியில். போட்டி ஜனவரியில். பைப் வாங்கவே டிசம்பர் பிறந்துவிட்டது. இரவு பதினோரு மணிக்கு அந்தப் பிராக்கெட் என் கைக்கு வந்தது. விலா எலும்பு வைத்தால் இன்னும் ஒரு நாள் ஆகும். "8 மில்லிமீட்டர் பிளேட்டுப்பா, யானை ஏறினாலும் வளையாது, அது வேண்டாம்" என்றேன். முப்பது வருஷ அனுபவம் பேசியது. அவர்களும் நம்பிவிட்டார்கள். நான் முடிவெடுத்த ஒரே பாகம் அதுதான். அதுதான் வளைந்தது, அதில்தான் செயின் கழன்றது.

போட்டி முடிந்த வாரம், டிரில்லிங் மெஷின் பெண் பட்டறைக்கு வந்து என் ஷட்டரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக் காட்டினாள். எஞ்சின் தரும் முறுக்குவிசை சுமார் 35 நியூட்டன் மீட்டர். பிரைமரி கியரில் 2.67 மடங்கு, முதல் கியரில் மறுபடி 2.67 மடங்கு, ஆக ஏழு மடங்கு, 250க்குப் பக்கம். செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்பிராக்கெட்டின் ஆரம் 38 மில்லிமீட்டர். வகுத்தால் செயினில் 6,500 நியூட்டன், அதாவது 650 கிலோவுக்கு மேல் இழுவை. "யானை இல்லைங்ண்ணா, ஒரு மாருதி கார் தொங்குது" என்றாள். அதட்டலாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை என்று தோன்றியது. பம்ப் ஷாஃப்ட் கடைகிறவனுக்கு இந்தக் கணக்கு வராது. நீங்கள் முழுக் காரையும் என்னிடம் கேட்கிறீர்கள்.

இரண்டாவது காரணம், ஒரு மாணவனுக்குக் காயம். உண்மைதான். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடித்தான், பொறி தெறித்துப் புருவத்துக்கு மேல் சுட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நானும் அன்று தூங்கவில்லை. உங்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு வருஷத்தில் அந்தக் கொட்டகைக்கு ஒரு பொறுப்பாளரை நீங்கள் போட்டதுண்டா? தீயணைப்பான் ஒன்று இருந்தது. அதில் எழுதியிருந்த காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே காசு போட்டு வேறு வாங்கினார்கள்.

மூன்றாவது, அடுத்த கல்லூரி அணி பத்திரிகையில் வந்தது, நாம் வரவில்லை என்பது. இதை எழுத்தில் சொல்லவில்லை, காதில் விழுந்தது. இதற்கு என் பதில் அந்த மைதானத்தின் பெயர்தான். கரி என்பது எஸ். கரிவர்தன். 1980களின் கடைசியில், இந்த ஊர்க்காரர் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதி இல்லாதவர்களும் பந்தயத்துக்கு வர அந்த ஃபார்முலா மாருதி வழி விட்டது. பின்னால் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அந்த வகைக் கார்தான். லண்டனில் பொறியியல் படித்த காலின் சாப்மன் 1948இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றை ஒரு சின்ன கராஜில் பிரித்துச் செய்த காரிலிருந்துதான் லோட்டஸ் வந்தது என்று பிள்ளைகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் யாரோ கராஜ் சாவியைக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கேட்பது இவைதான்.

கொட்டேஷன் கடிதத்தை எனக்கும், வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கும் எழுத்தில் திரும்பப் பெறுங்கள். குறிப்பில் உள்ள அந்த 'தரமற்ற' வரியை நீக்குங்கள். தேவையென்றால் உங்கள் கூட்டத்துக்கு வந்து பிராக்கெட் விஷயத்தை நானே சொல்கிறேன்.

கொட்டகையைத் திறந்து சேசிஸை உள்ளே எடுத்து வையுங்கள். துரு பைப்பின் உள்ளே இறங்கிவிட்டால் அடுத்த வருஷம் எதையும் அளந்து பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. எடைக்குப் போடுவது என்று முடிவெடுத்திருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வொர்க்‌ஷாப் ஊழியர்களில் ஒருவரைச் சாயங்காலம் ஆறு முதல் ஒன்பதுவரை கூடுதல் சம்பளத்தோடு பொறுப்பாகப் போடுங்கள். கண் கண்ணாடி, கையுறை, மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச், காலாவதியாகாத தீயணைப்பான் நான்கும் உங்கள் செலவில் வேண்டும். ஒன்பது மணி என்றால் பையன்களுக்கும் பெண்களுக்கும் அதே ஒன்பது. விடுதி விதியைக் காட்டி ஏழு மணிக்குப் பெண்களை அனுப்பிவிடுவதால், கணக்குப் போடத் தெரிந்தவள் இல்லாத நேரத்தில்தான் அந்தப் பிராக்கெட் என்னிடம் வந்தது.

பச்சை லேத்துகளில் இரண்டைப் பரீட்சை இல்லாத நாட்களில் அவர்களுக்குத் திறந்துவிடுங்கள். மொபெட்டில் மூன்று பேர் கணபதிக்கு வர வேண்டியதில்லை.

கடைசியாகப் பணம். முழுக் காருக்கு என்று எனக்கோ இன்னொருவருக்கோ தர ஒதுக்கிய தொகை இருக்குமே, அதில் பாதி போதும். ஆனால் ஜூனில் கொடுங்கள், நவம்பரில் வேண்டாம்.

அணியின் பழைய மாணவர்கள் இந்த மாத முடிவுக்குள் உங்களைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுங்கள். பூட்டு என்றைக்குத் திறக்கும் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொட்டேஷன் கடிதம் வந்து சேர்ந்த லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோயம்புத்தூர்